‘ஷுல்ட்’: கடனா, குற்றமா? ஒரு ஜெர்மன் சொல்லில் நாம் சறுக்கும் இடங்கள்

ஜெர்மனியில் சின்னக் கடைகளிலும், முடிவெட்டும் இடங்களிலும், சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் இன்றும் ஒரு கேள்வி காதில் விழும். வேலை முடிந்ததும் வந்தவர் பர்ஸைத் திறந்துகொண்டே, “வாஸ் பின் இஷ் ஈனென் ஷுல்டிஷ்?” என்பார். ஜெர்மன் கற்க ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆன ஒருவர் அகராதியைப் புரட்டினால், ‘ஷுல்டிஷ்’ என்பதற்கு நேரே முதலில் கண்ணில் படுவது ‘குற்றம் புரிந்த’ என்ற பொருளாகவே இருக்கும். முடிவெட்டிக்கொண்டு எழுந்தவர், “உங்களுக்கு நான் என்ன குற்றம் செய்தேன்?” என்றா கேட்பார்? அவர் கேட்டது, “நான் எவ்வளவு தரணும்?” என்பதைத்தான்.

‘ஷுல்டிஷ்’ என்ற அடைமொழிக்குத் தாய் ‘ஷுல்ட்’ என்ற பெயர்ச்சொல். பெண்பால் சொல், ‘டீ ஷுல்ட்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன், குற்றப் பொறுப்பு, பழி, நன்றிக்கடன், சட்டப்படி செய்து தர வேண்டிய ஒன்று என்று பல பொருள்களை இந்த ஒரே சொல் சுமக்கிறது. ஜெர்மன் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தமிழ் மாணவர்கள் இதில் சறுக்குகிறார்கள் என்பதைவிட, சறுக்க அவசியமே இல்லாத இடத்தில் சறுக்குகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். இந்தச் சொல்லின் அடிவேரைப் பிடிக்க ஆங்கிலத்தைவிட நல்ல பிடிமானம் தமிழிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போவதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன.

ஒருமையும் பன்மையும் ஒன்றென்று நினைப்பது

முதல் தவறு மிகச் சாதாரணமானது, ஆனால் விளைவு பெரியது. “எனக்குக் கடன் இருக்கிறது” என்று சொல்ல வந்த மாணவர் “இஷ் ஹாபெ ஷுல்ட்” என்கிறார். அது, “தப்பு என்னுடையதுதான்” என்ற ஒப்புதல். பணக்கடன் என்றால் பன்மையில் சொல்ல வேண்டும்: “இஷ் ஹாபெ ஷுல்டென்”. வங்கியில் வாங்கியது ஒரே ஒரு கடனாக இருந்தாலும் ‘ஷுல்டென்’தான். எத்தனை கடன் என்ற எண்ணிக்கையை அந்தப் பன்மை காட்டுவதில்லை. பேசுவது பணத்தைப் பற்றி என்பதைத்தான் காட்டுகிறது.

உச்சரிப்பிலும் ஒரு சின்னக் கவனம் வேண்டும். ஒருமையில் கடைசி எழுத்து ‘பட்டு’ என்பதில் வருவது போல வல்லென்ற ‘ட்’. பன்மையில் அது ‘வண்டி’யில் வருவது போல மென்மையாகிவிடும். நம் காதுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். நடுவில் உள்ள உகரம் குறில். அதை நீட்டி ‘ஷூல்’ என்று ஆரம்பித்தால் கேட்பவர் பள்ளிக்கூடத்தை எதிர்பார்ப்பார். ‘ஷூலெ’ என்றால் பள்ளி. அது லத்தீனிலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

இந்த ஒருமை பன்மை வேறுபாடு வரலாற்றில் எவ்வளவு கனமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘க்ரீக்’ என்றால் போர். ‘க்ரீக்ஸ்ஷுல்ட்’ என்றால் போரை மூட்டிய பழி. ‘க்ரீக்ஸ்ஷுல்டென்’ என்றால் போருக்காக வாங்கிய கடன்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு இரண்டுமே ஜெர்மானியர்களின் அன்றாடப் பேச்சில் இருந்தன. 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவை அவர்கள் ‘போர்ப்பழிப் பிரிவு’ என்றே அழைத்தார்கள். ஆனால் அந்தப் பிரிவின் வாசகத்தில் ‘ஷுல்ட்’ என்ற சொல் இல்லை. இழப்புகளுக்கும் சேதங்களுக்கும் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் காரணகர்த்தர்கள், பொறுப்பாளிகள் என்றுதான் அதில் இருக்கிறது. இழப்பீடு கேட்பதற்கான சட்ட அடிப்படையாக எழுதப்பட்ட அந்தப் பிரிவு, ஒரு நாட்டின் மீது சுமத்தப்பட்ட பழியாக மக்கள் மனத்தில் பதிந்தது. ஆக, “வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியைக் குற்றவாளி என்றது” என்று எழுதுகிறவர்கள், உடன்படிக்கையின் சொல்லையும் ஜெர்மானியர்கள் அதற்கு இட்ட பெயரையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஒருமை என்றால் எப்போதும் பழிதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. “இஷ் ஷ்டேஹெ டீஃப் இன் ஈரெர் ஷுல்ட்” என்று ஒருவர் கை குலுக்கிக்கொண்டே சொன்னால், “உங்களுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்” என்று பொருள். இங்கே ஷுல்ட் என்பது நன்றிக்கடன். வங்கிக் கடிதத்தில் “ஷுல்ட்டை அடைத்தல்” என்று ஒருமையில் வந்தால் அது பணம்தான். ஒருமையா பன்மையா என்று மட்டும் பார்க்காமல், கூட வரும் வினைச்சொல்லையும் பார்த்தால் குழப்பம் தீரும். அடைப்பது, தீர்ப்பது, கட்டுவது என்றால் கடன். கொடுப்பது, சுமத்துவது, தட்டிக்கழிப்பது என்றால் பழி. ஜெர்மனில் ஒருவருக்கு ஷுல்ட்டைக் ‘கொடுக்க’ முடியும். “அவன் எனக்கு ஷுல்ட் கொடுத்தான்” என்றால் அவன் கடன் கொடுக்கவில்லை, பழியை நம் மேல் போட்டான். இந்த இடத்தில் தமிழ் மாணவர் அநேகமாகத் தவறாமல் விழுவார், ஏனென்றால் நம் வாக்கியத்தில் கொடுக்கப்படுவது கடன்தான்.

எழுத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜெர்மனில் பெயர்ச்சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். “தப்பு என்னுடையது” என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘ஹாபென்’ (உடைத்தாயிரு) என்ற வினையோடு வந்தால் ஷுல்ட் பெயர்ச்சொல், பெரிய எழுத்து. ‘ஸைன்’ (இரு) என்ற வினையோடு, “இஷ் பின் ஷுல்ட்” என்று வந்தால் அது பெயர்ச்சொல்லாக நடக்கவில்லை, சின்ன எழுத்து. 1996இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ‘ஹாபென்’ உடன் வரும்போதும் சின்ன எழுத்தில்தான் எழுதினார்கள். அதனால் பழைய நூல்களைப் பார்த்துப் படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை.

‘குற்றம்’ என்று பெயர்த்துவிடுவது

பழி என்ற பொருளில் வந்தால் உடனே ‘குற்றம்’ என்று எழுதிவிடுகிறோம். இதுதான் மொழிபெயர்ப்புகளில் அதிகம் பார்க்கும் பிழை. குற்றச்செயலுக்கு ஜெர்மனில் தனிச் சொற்கள் இருக்கின்றன: ‘ஷ்ட்ராஃப்டாட்’, கடுமையானதாக இருந்தால் ‘ஃபெர்ப்ரெஷென்’. ஷுல்ட் என்பது நடந்த செயல் அல்ல. அந்தச் செயலுக்காக ஒருவரைக் குறை கூற முடியுமா என்ற கேள்விக்கான பதில் அது.

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் இது மிகத் தெளிவாக இருக்கிறது. ஒரு செயலை மூன்று படிகளில் சோதிப்பார்கள். சட்டம் சொல்லும் குற்றத்தின் கூறுகள் நிறைவேறியிருக்கின்றனவா? தற்காப்பு போன்ற நியாயம் இல்லாமல், சட்டத்துக்குப் புறம்பாக நடந்ததா? இரண்டும் ஆம் என்றால் மூன்றாவது படி: ஷுல்ட் இருக்கிறதா? பதின்மூன்று வயதுப் பையன் கடையில் ஒரு கைப்பேசியைத் திருடினால் முதல் இரண்டு படிகளும் நிறைவேறிவிடும். மூன்றாவது நிறைவேறாது. பதினான்கு வயதுக்குக் கீழே இருப்பவர் ‘ஷுல்ட்’ சுமக்கத் தகுதி இல்லாதவர் என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. கடும் மனநோயால் தன் செயலின் தன்மையை உணர முடியாதவருக்கும் இதே போல அடுத்த பிரிவு இருக்கிறது. திருட்டு நடந்தது உண்மை, திருடியவன் இவன் என்பதும் உண்மை. ஆனாலும் ஷுல்ட் இல்லை. இங்கே போய் ‘குற்றம் இல்லை’ என்று மொழிபெயர்த்தால் பொருளே தலைகீழாகிவிடுகிறது. ‘குற்றப் பொறுப்பு’ என்று எழுதினால் சரியாக உட்காரும்.

இந்தக் குழப்பம் ஜெர்மானியர்களுக்கே ஒரு புத்தகத் தலைப்பில் நேர்ந்திருக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் புகழ்பெற்ற நாவலின் ரஷ்யத் தலைப்பு ‘குற்றமும் தண்டனையும்’ என்பதுதான். தமிழிலும் அப்படியே வழங்குகிறது. ஜெர்மனில் பல காலம் அது ‘ஷுல்ட் உன்ட் ஸ்யூனெ’ என்ற பெயரில் வந்தது. ‘பழியும் பரிகாரமும்’ என்பது போன்ற தலைப்பு அது. சட்டப் புத்தகத்தின் வாசனை உள்ள தலைப்பு, கோயிலின் வாசனை உள்ள தலைப்பாகிவிட்டது. 1994இல் ஸ்வெத்லானா கையர் புதிதாக மொழிபெயர்த்தபோது ‘ஃபெர்ப்ரெஷென் உன்ட் ஷ்ட்ராஃபெ’ என்று மாற்றினார். அதுதான் நேரான பெயர்ப்பு. பழைய தலைப்பு காதுக்கு இனிமையானது என்று இன்றும் விரும்புகிறவர்கள் உண்டு. என் கட்சி கையர் பக்கம்.

இன்னொரு சட்டச் சொல்லில் பிழை இதற்கு எதிர்த் திசையில் நடக்கும். ‘ஷுல்ட்ரெஷ்ட்’ என்பதைப் பார்த்ததும் ‘குற்றவியல் சட்டம்’ என்று எழுதிவிடுவார்கள். அது குற்றவியலே அல்ல. 1900ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஜெர்மன் குடிமையியல் சட்டத்தொகுப்பின் இரண்டாம் புத்தகம் இந்தத் துறையைத்தான் பேசுகிறது. ஒருவர் மற்றவருக்கு எதைச் செய்து தர வேண்டும் என்ற உறவுகளைப் பற்றிய சட்டம் அது. நான் என் சைக்கிளை உங்களுக்கு விற்றால், நீங்கள் எனக்குப் பணம் தர வேண்டியவர். நான் உங்களுக்குச் சைக்கிளைத் தர வேண்டியவன். சட்டத்தின் கண்ணில் பணத்துக்கு நீங்கள் ‘ஷுல்ட்னர்’, சைக்கிளுக்கு நான் ‘ஷுல்ட்னர்’. யாரும் கடன் வாங்கவில்லை, யாரும் தப்பும் செய்யவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் ‘க்ளொய்பிகர்’. ‘நம்புகிறவர்’ என்று அதன் வேர்ப்பொருள். கொடுத்தவர் நம்பிக்கையில் இருக்கிறார் என்ற பொருளில், லத்தீன் வழிவந்த சொல்லை ஒட்டி ஜெர்மனில் உருவான சொல் அது. அதைப் ‘பக்தர்’ என்றோ ‘விசுவாசி’ என்றோ பெயர்த்துவிடக் கூடாது, சூழலைப் பார்க்க வேண்டும்.

வேரைத் தவறான இடத்தில் தோண்டுவது

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பழைய மேல் ஜெர்மனில், அதாவது இன்றைய ஜெர்மனின் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வடிவத்தில், அது ‘ஸ்குல்ட்’. அதன் வேர் ‘ஸ்குலன்’ என்ற வினை. ‘தர வேண்டியிருத்தல், செய்ய வேண்டியிருத்தல்’ என்று பொருள். அந்த வினை இன்றைய ஜெர்மனில் ‘ஸொலென்’ ஆகிவிட்டது, நடுவில் இருந்த ககர ஒலி காலப்போக்கில் உதிர்ந்துபோயிற்று. “நீ இதைச் செய்ய வேண்டும்” என்பதில் வரும் ‘வேண்டும்’தான் ஸொலென். ஆங்கிலத்தில் நாம் தினமும் சொல்லும் ‘ஷல்’, ‘ஷுட்’ இரண்டும் இதே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் ‘ஷுல்ட்’ என்ற பெயர்ச்சொல்லுக்கும் உடன்பிறப்பு இருந்தது, பின்னால் வழக்கொழிந்துவிட்டது. வினை மட்டும் தங்கியிருக்கிறது.

இப்போது சொல்லின் உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. ஷுல்ட் என்பது ‘வேண்டியது’. தர வேண்டியது தரப்படாமல் இருந்தால் கடன். செய்ய வேண்டியது செய்யப்படாமலோ, செய்யக் கூடாதது செய்யப்பட்டோ இருந்தால் பழி. இரண்டிலும் ஒரு பாக்கி நிற்கிறது.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. காலைக்கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன், இறுதிக்கடன் என்று சொல்லும்போது நாம் யாரிடமும் பணம் வாங்கியிருக்கவில்லை. “என் கடன் பணி செய்து கிடப்பதே” என்று அப்பர் பாடியதில் வட்டியும் அசலும் இல்லை. கடனும் கடமையும் ஒரே வேரில் கிளைத்தவை. ‘ஆற்ற வேண்டியது’ என்ற ஒரே எண்ணத்திலிருந்து பணக்கடனும் கடமையும் நமக்குப் பிரிந்தன. ஜெர்மானியர்களுக்குப் பணக்கடனும் பழியும் பிரிந்தன. வேர் ஒன்று போல இருந்தும் கிளை போன திசை வேறு. அதனால் ஷுல்ட் என்பதைக் ‘கடமை’ என்று பெயர்த்தாலும் தவறாகிவிடும். கடமைக்கு இன்றைய ஜெர்மனில் ‘ப்ஃப்ளிஷ்ட்’ என்று தனிச் சொல் இருக்கிறது. ‘ஷுல்டிஷ்கைட்’ என்ற கொஞ்சம் பழைய சொல்லில் மட்டும் கடமைப் பொருள் மிச்சமிருக்கிறது.

பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதை, முதலில் பணக்கடன் என்ற பொருள் இருந்தது, பிறகு அதிலிருந்து குற்ற உணர்வு பிறந்தது என்பது. 1887இல் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே தன் நூலில், ஷுல்ட் என்ற ஒழுக்கக் கருத்து ‘ஷுல்டென்’ என்ற பொருளியல் கருத்திலிருந்து வந்தது என்று எழுதினார். கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான உறவுதான் மனசாட்சியின் தொட்டில் என்பது அவருடைய வாதம். தத்துவமாக அது ஆழமானது, படிக்க வேண்டியது. ஆனால் அதைச் சொல்லின் வரலாறாக எடுத்துக்கொண்டால் தவறு. பழைய மேல் ஜெர்மனில் கடன், கடப்பாடு, பாவம், காரணம் ஆகிய பொருள்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று தாய், மற்றது பிள்ளை என்று வரிசைப்படுத்தச் சான்று இல்லை.

அதற்கும் முந்தைய சாட்சி ஒன்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தைக் கோதிக் மொழிக்குக் கொண்டுவந்தார். ஜெர்மானிய மொழிகளில் நமக்குக் கிடைத்த முதல் பெரிய நூல் அதுதான். அதில் இயேசு கற்பித்த மன்றாட்டில், மன்னிப்பு கேட்கும் வரியில் ‘ஸ்குலன்ஸ்’ என்ற சொல் வருகிறது. ‘தர வேண்டியவர்கள்’ என்று அதற்குப் பொருள். அதற்கு மூலமான மத்தேயு நற்செய்தியின் கிரேக்கத்திலும் அந்த இடத்தில் ‘கடன்கள்’ என்றுதான் இருக்கிறது. லூக்காவில் அதே மன்றாட்டில் ‘பாவங்கள்’ என்று வருகிறது. இயேசு பேசிய அரமேயத்தில் ‘ஹோபா’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். இன்றைய ஜெர்மானியர்கள் அந்த வரியை “உன்ட் ஃபெர்கீப் உன்ஸ் உன்ஸரெ ஷுல்ட்” என்று சொல்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களில் சீர்திருத்தச் சபையினர் பல தலைமுறைகளாக, “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று சொல்லி வருகிறார்கள். பிற்காலத்தில் வந்த ‘பொது மொழிபெயர்ப்பு’ விவிலியம் ‘குற்றங்களை’ என்கிறது. ‘கடன்களை’ என்ற பழைய வாசகத்தைச் சின்ன வயதில் கேட்டு, கடவுளிடம் போய் ஏன் வாங்கின பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விழித்தவர்கள் பலர். அந்தக் குழந்தைகளின் கேள்வி சரியான கேள்வி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் இரட்டைப் பொருள், மொழி மாறி மொழி மாறி, அந்த வரியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வேரைத் தோண்டும்போது இன்னொன்றையும் கண்டுகொள்ளலாம். இடைக்கால ஜெர்மன் ஊர்களில் ‘ஷுல்ட்ஹைஸ்’ என்றொரு பதவி இருந்தது. ‘ஷுல்ட்’ உடன் ‘ஆணையிடுதல்’ என்ற பொருள் தரும் சொல் சேர்ந்தது. ஊராரிடம் செலுத்த வேண்டியதைச் செலுத்தச் சொல்லி, ஆற்ற வேண்டியதை ஆற்றச் சொல்லி ஆணையிடும் தலைவர் அவர். நம் மணியக்காரர் போல. அந்தப் பதவிப் பெயர் தேய்ந்து தேய்ந்து ஷுல்ட்ஸெ, ஷுல்ட்ஸ், ஷொல்ட்ஸ் என்ற குடும்பப் பெயர்களாகிவிட்டது. ஷுல்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் ‘கடன்காரக் குடும்பம்’ என்று பொருள் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை, கடனைக் கட்டச் சொன்னவரின் குடும்பம்.

உருவம் ஒன்றுபோல் இருப்பதை நம்புவது

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிற நம் பிள்ளைகள் வாடகைக்கு வீடு தேடும்போது முதலில் கேள்விப்படும் சொல் ‘ஷூஃபா’. ஒருவரின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் நிறுவனம் அது, 1927இல் தொடங்கியது. அதன் முதலெழுத்துகள் ‘ஷுல்டென்’ என்பதிலிருந்து வந்தவை, ஆகவே அது கடன்காரர்களின் பட்டியல் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பெயரின் முதல் பகுதி ‘ஷுட்ஸ்’, அதாவது பாதுகாப்பு. கடன் கொடுப்பவர்களின் பாதுகாப்புக்கான கூட்டமைப்பு என்பதன் சுருக்கம். அந்த அறிக்கையைக் கேட்டால் பதற வேண்டாம். உங்களைக் கடன்காரர் என்று யாரும் சந்தேகிக்கவில்லை, வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று. ‘கெடுல்ட்’ என்றால் பொறுமை. காதுக்கு ஷுல்ட் போலவே விழும். அதற்கும் இதற்கும் உறவில்லை.

உண்மையிலேயே உறவுள்ள சொற்களில்தான் அதிக ஆபத்து. ‘என்ட்ஷுல்டிகுங்’ என்றால் மன்னிப்பு. பேருந்தில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்வது. நடுவில் ஓரசை குறைந்து ‘என்ட்ஷுல்டுங்’ என்றால் கடன் நீக்கம், ஒரு நாட்டையோ ஆளையோ கடனிலிருந்து விடுவிப்பது. ‘உன்ஷுல்டிஷ்’ என்றால் நிரபராதி, ‘ஷுல்டென்ஃப்ரை’ என்றால் கடன் இல்லாதவர். இவை இரண்டுக்கும் நடுவில் ‘உன்ஃபெர்ஷுல்டெட்’ என்றொரு சொல் உண்டு. பார்க்கக் கடனில்லாதவர் போலத் தெரியும். செய்தித்தாளில் “உன்ஃபெர்ஷுல்டெட்டாகத் துன்பத்தில் விழுந்த குடும்பம்” என்று வந்தால், தங்கள் தப்பு எதுவும் இல்லாமல் கஷ்டத்துக்கு ஆளானவர்கள் என்று பொருள். அவர்கள் கழுத்து வரை கடனில் இருந்தாலும் அந்தச் சொல் பொருந்தும்.

‘என்ட்ஷுல்டிகுங்’ பற்றி ஒரு வார்த்தை. “நான் என் பழியை நீக்கிக்கொள்கிறேன்” என்றல்லவா இதன் நேர்ப்பொருள், தானே எப்படி நீக்கிக்கொள்ள முடியும், எதிரில் இருப்பவர்தானே நீக்க வேண்டும் என்று கேட்கும் ஜெர்மானியர்கள் உண்டு. அதனால் “மன்னிப்பு வேண்டுகிறேன்” என்ற வடிவம்தான் சரி என்பார்கள். நடைமுறையில் இரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள். தயங்காமல் சொல்லுங்கள். கடிதத்தில் மட்டும் ‘வேண்டுகிறேன்’ வடிவத்தை எழுதினால் மரியாதை கூடும்.

அகராதியில் ஓர் இனத்தின் குணத்தைத் தேடுவது

இனி, என்னை இதை எழுத வைத்த தவறுக்கு வருகிறேன். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரேக்கக் கடன் நெருக்கடி நடந்தபோது உலகப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வந்தது: “ஜெர்மானியர்களுக்குக் கடனும் குற்றமும் ஒரே சொல். அதனால்தான் கடன்பட்டவர்களிடம் இவ்வளவு கடுமையாக இருக்கிறார்கள்.” தமிழிலும் இதை எடுத்தெழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். படித்தவுடன் ஏதோ பெரிய உண்மை பிடிபட்டது போலத் தோன்றும். கொஞ்சம் தட்டிப் பார்த்தால் நிற்காது.

டச்சு மொழியிலும் கடனுக்கும் பழிக்கும் ஒரே சொல்தான்; எழுத்துகூட ஒன்றே. ஆனால் நெதர்லாந்துக் குடும்பங்களின் வீட்டுக்கடன் ஐரோப்பாவிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. சுவீடிஷிலும் ‘ஸ்குல்ட்’ இரண்டையும் குறிக்கிறது. பக்கத்தில் இருக்கும் டேனிஷ், இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. டேனிஷ்காரர்கள் கடனைப் பற்றி அதனால் வேறு மாதிரி நினைக்கிறார்களா? ஆங்கிலத்தில் ‘தர வேண்டியிரு’ என்ற வினையும் ‘செய்ய வேண்டும்’ என்ற துணைவினையும் ஒரே வேர்; ‘ஆட்’ (ought) என்பது ‘ஓ’ (owe) என்பதன் பழைய இறந்தகால வடிவம். சமஸ்கிருத ‘ருணம்’ கடனையும் குறிக்கும், மனிதன் தேவருக்கும் முன்னோருக்கும் ஆற்ற வேண்டியதையும் குறிக்கும். காலைக்கடன் என்று சொல்கிற தமிழன் கடன் அட்டையைத் தேய்க்கும்போது கழிவறையை நினைப்பதில்லை. ஜெர்மானியரும் வீட்டுக்கடன் படிவத்தில் ‘ஷுல்டென்’ என்று எழுதும்போது பாவமன்னிப்பு கேட்பதில்லை. ஒருமையும் பன்மையும் அவர் மனத்தில் இரண்டு சொற்களாகவே நடக்கின்றன.

ஜெர்மன் அரசின் கடன் பயத்துக்குக் காரணம் வேண்டுமென்றால் 1923ஆம் ஆண்டின் பணவீக்கத்தைப் பாருங்கள், சேமிப்பெல்லாம் காகிதமாகிப்போன தலைமுறையின் நினைவைப் பாருங்கள். 2009இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த ‘ஷுல்டென்ப்ரெம்ஸெ’யைப் பாருங்கள். ‘கடன் பிரேக்’ என்று பொருள்; நடுவண் அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை (பொருளாதார ஏற்ற இறக்கத்தால் வருவதைக் கழித்தபின் நிற்கும் பற்றாக்குறை) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி. இவையெல்லாம் நடந்தவை, விவாதிக்கத் தக்கவை. சொல்லின் மேல் பாரத்தைப் போட்டால் இந்த வரலாறு முழுவதும் மறைந்துவிடுகிறது.

கடன் தள்ளுபடி பெற்ற நாடும் ஜெர்மனிதான் என்பது அந்த வாசகத்தில் அடிபட்டுப்போகிற இன்னொரு செய்தி. 1953 பிப்ரவரியில் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டுக் கடனில் ஏறக்குறையப் பாதி தள்ளுபடியானது. மிச்சத்தைக் கட்ட நீண்ட தவணை கிடைத்தது. கடன் கொடுத்த நாடுகளின் வரிசையில் கிரேக்கமும் இருந்தது. முதல் உலகப் போர் இழப்பீட்டுக்காக எழுப்பிய கடன்பத்திரங்களின் கடைசி வட்டித் தவணை 2010 அக்டோபர் 3 அன்றுதான் கட்டி முடிக்கப்பட்டது. கிரேக்க நெருக்கடி தீவிரமான அதே ஆண்டு.

பழிப் பொருளிலும் இதே அவசரம் உண்டு. ‘கோலெக்டிஃப்ஷுல்ட்’, அதாவது ஓர் இனத்தின் மேல் மொத்தமாக விழும் பழி, என்பதை நாஜிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஜெர்மானியர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து போல எழுதுகிறார்கள். ஜெர்மன் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் வெளியிட்ட நூலில் ஷுல்ட்டை நான்காகப் பிரித்தார்: சட்டம் தண்டிக்கும் குற்றப் பொறுப்பு, ஒரு நாட்டின் குடிமகனாக இருப்பதால் ஏற்க வேண்டிய அரசியல் பொறுப்பு, தன் மனசாட்சிக்கு முன் நிற்கும் ஒழுக்கப் பழி, சக மனிதன் கொல்லப்படும்போது உயிரோடு இருந்ததாலேயே உறுத்தும் ஆழ்ந்த பழி. அரசியல் பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஓர் இனம் முழுவதையும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாது என்றார் அவர். இந்த நான்கையும் தமிழில் ‘குற்றம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் அவர் பிரித்துக் காட்டியதே வீணாகிவிடும்.

கடன் பிரேக்கின் கதை அப்புறம் எப்படிப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 6 அன்று, இந்த விதியைத் தளர்த்துவதா வேண்டாமா என்ற தகராறில் சான்சலர் ஓலாஃப் ஷொல்ட்ஸ் தன் நிதியமைச்சர் கிறிஸ்டியன் லின்ட்னரைப் பதவியிலிருந்து நீக்கினார், கூட்டணி ஆட்சி உடைந்தது. தளர்த்த விரும்பியவர் ஷொல்ட்ஸ். பாக்கியைக் கட்டச் சொன்ன மணியக்காரரின் பெயரைச் சுமப்பவர். 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தி, பாதுகாப்புச் செலவின் பெரும்பகுதிக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு அளித்தது, கட்டுமானப் பணிகளுக்கு 50,000 கோடி யூரோ வரை கடன் வாங்க வழி செய்தது. அதே மக்கள், அதே மொழி, அதே ஷுல்ட்.

அந்த 50,000 கோடிக்கு வைத்த பெயரில் ‘ஷுல்டென்’ இல்லை. அதன் பெயர் ‘ஸோண்டர்ஃபெர்ம்யோகென்’. அகராதியைப் பார்த்து ‘சிறப்புச் சொத்து’ என்று பெயர்த்தால், ஜெர்மனி எங்கேயோ சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துச் செலவழிக்கிறது என்று தமிழ் வாசகர் நினைத்துக்கொள்வார். ‘தனிக் கடன் நிதி’ என்று எழுதுங்கள்.